ஓடும் ரயில், இரண்டு மின்னல்: ‘ஒரே நேரம்’ என்பது யாருடைய நேரம்?

ஜூன் 3, மாலை. வாசகர் ஒருவர் கேட்டது:

“ஓடும் ரயிலின் இரண்டு முனையிலும் மின்னல் விழும் உதாரணத்தை நிறைய இடங்களில் படித்துவிட்டேன். பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே நேரம். ரயிலின் நடுவில் இருப்பவருக்கு முன்பக்க மின்னல் முதலில். ஆனால் அவர் முன்பக்க ஒளியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார், அதனால் அது சீக்கிரம் வந்து சேர்கிறது, அவ்வளவுதானே? தூரத்துப் பட்டாசுச் சத்தம் தாமதமாகக் கேட்டால் பட்டாசே தாமதமாக வெடித்தது என்று யாராவது சொல்வார்களா? இரண்டு மின்னலும் உண்மையில் ஒரே நேரத்தில்தான் விழுந்தன. பார்ப்பதையும் நடப்பதையும் ஐன்ஸ்டைன் ஒன்றாக்கிவிட்டார்.”

ஜூன் 3, இரவு

சார்பியலுக்கு எதிராக வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பி.எஸ்ஸி இயற்பியல் மாணவர்களுக்குப் பல வருடம் இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டுச் சண்டை போட்டவர்களுக்குத்தான் பாடம் பிடிபட்டது. தலையாட்டிவிட்டுப் போனவர்கள் சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நேரடியாகப் பதில்: ஒளி வந்து சேரும் தாமதம் இந்தக் கணக்கில் கழிக்கப்பட்டுவிட்டது. கழித்த பிறகும் மிச்சம் நிற்பதைத்தான் ஐன்ஸ்டைன் சொல்கிறார். எண்களை வைத்துப் பார்ப்போம்.

ரயிலில் இருப்பவர்கள் அளந்தால் ரயிலின் நீளம் 300 மீட்டர். வேகம், ஒளிவேகத்தில் 0.6 பங்கு. ஓடும் பொருளின் நீளம் எத்தனை மடங்கு சுருங்கும், கடிகாரம் எத்தனை மடங்கு மெதுவாகும் என்று சொல்லும் எண் காமா; இந்த வேகத்துக்கு அது 1.25. அதனால் பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் அளந்தால் அதே ரயில் 240 மீட்டர்தான். இரண்டு முனைகளிலும் மின்னல் விழுகிறது. பிளாட்பாரத்துக் கடிகாரங்களின்படி இரண்டும் ஒரே நேரம். ரயிலின் நட்டநடுவில் ஒரு பயணி.

பிளாட்பாரத்துக் கணக்கு இப்படிப் போகும். ஒவ்வொரு முனையும் பயணியிடமிருந்து 120 மீட்டர். முன்பக்க ஒளியும் அவரும் எதிரெதிரே வருவதால் 0.25 மைக்ரோ நொடியில் சந்தித்துவிடுகிறார்கள். பின்பக்க ஒளி அவரைத் துரத்திப் பிடிக்க 1 மைக்ரோ நொடி ஆகிறது. இடைவெளி 0.75. ஓடும் கடிகாரம் 1.25 மடங்கு மெதுவாக நடக்கும் என்பதால் பயணியின் கைக்கடிகாரத்தில் அந்த இடைவெளி 0.6 மைக்ரோ நொடி.

இதுவரை யாருக்கும் தகராறு இல்லை. இரண்டு ஒளியும் வந்து சேர்ந்தது ஒரே இடத்தில், ஒரே கடிகாரத்தின் முன்னால். 0.6 என்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள்.

இனி பயணியின் கணக்கு. “இரண்டு முனையும் என்னிடமிருந்து 150 மீட்டர். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் என்னைப் பொறுத்து ஒரே வேகம்தான். அப்படியானால் இரண்டுக்கும் தாமதம் சமம், தலா 0.5 மைக்ரோ நொடி.” சமமான தாமதங்களைக் கழித்த பிறகும் 0.6 அப்படியே நிற்கிறது. முன்பக்க மின்னல் 0.6 மைக்ரோ நொடி முன்னதாகவே விழுந்துவிட்டது என்பதைத் தவிர அவரால் வேறு முடிவுக்கு வர முடியாது.

பட்டாசுச் சத்தத்துக்கு இது பொருந்தாது. ஒலி காற்றில் போகிறது. திறந்த ரயிலில் உட்கார்ந்திருப்பவர் ஒலியின் வேகத்தை அளந்தால் முன்னாலிருந்து வருவது வேகமாகவும் பின்னாலிருந்து வருவது மெதுவாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்தைச் சேர்த்துக் கழித்தால் ‘இரண்டும் ஒரே நேரம்’ என்றுதான் வரும். ஒளியின் வேகத்தில் அப்படி வித்தியாசம் எதுவும் கிடைப்பதில்லை. எல்லாமே இந்த ஒரு இடத்தில்தான் திரும்புகிறது.

ஜூன் 4, காலை

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: “பயணிக்குத் தான் ஓடும் ரயிலில் இருப்பது தெரியுமே. தெரிந்துகொண்டே ஒளி இரு பக்கமும் ஒரே வேகம் என்று ஏன் கணக்குப் போடுகிறார்?”

பிளாட்பாரம் மட்டும் நிற்கிறதா என்ன? பூமி சூரியனைச் சுற்றி நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த ஓட்டம் ஒளியின் வேகத்தில் தெரிகிறதா என்று பார்க்கத்தான் 1887-இல் மைக்கேல்சனும் மார்லியும் கிளீவ்லாந்தில் அந்தப் புகழ்பெற்ற பரிசோதனையைச் செய்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் தெரியவில்லை. ‘உண்மையில் நிற்பது பிளாட்பாரம்’ என்று சொல்ல நமக்கு இருக்கும் உரிமை, ‘உண்மையில் நிற்பது ரயில்’ என்று சொல்லப் பயணிக்கும் இருக்கிறது.

ஜூன் 4, இரவு

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சார்பியல் நூல்களில் வரும் ‘பார்வையாளர்’ கண்ணால் பார்ப்பவர் அல்ல. குறிப்பாயம் என்பது ஒரு ஆள் நிற்கும் இடமும் அல்ல.

நான் வகுப்பில் கரும்பலகை முழுக்க ஒரு கோட்டை இழுத்து, அதன்மேல் சின்னச் சின்னக் கடிகாரங்களாக வரைவேன். ஒவ்வொரு கடிகாரத்துக்கும் பக்கத்தில் ஒரு எழுத்தர். தன் காலடியில் நடப்பதை மட்டும், தன் கடிகாரம் காட்டும் நேரத்தோடு நோட்டில் குறித்துக்கொள்வதுதான் அவர் வேலை. யாரும் தூரத்தில் எதையும் பார்ப்பதில்லை. அதனால் ஒளித் தாமதம் என்ற பேச்சே எழாது. பொழுது போனதும் எல்லா நோட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் அதுதான் அந்தக் குறிப்பாயத்தின் பதிவு.

பிளாட்பாரம் முழுக்க ஒரு வரிசை எழுத்தர்கள். ரயில் முழுக்க இன்னொரு வரிசை. மின்னல் விழுந்த இடத்தில் இருந்த இரண்டு பிளாட்பார எழுத்தர்களின் நோட்டிலும் ஒரே நேரம் இருக்கும். ரயிலின் முன்முனை எழுத்தர் 0 என்று எழுதியிருந்தால் பின்முனை எழுத்தர் 0.6 என்று எழுதியிருப்பார். கண்ணும் இல்லை, வந்து சேரும் ஒளியும் இல்லை. முரண்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் எப்போதும் இதுதான்.

வானியலாளர்கள் தாமதத்தைக் கழிப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 1987 பிப்ரவரியில், பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. வெடித்தது 1987-இல் என்று எந்த வானியலாளரும் நினைக்கவில்லை. சுமார் 1,68,000 ஆண்டுகளுக்கு முன் என்றுதான் சொன்னார்கள். பார்ப்பதையும் நடப்பதையும் ஒன்றாக்குவதற்கும் சார்பியலுக்கும் சம்பந்தமில்லை. அந்த 1,68,000 என்ற எண்ணே பூமியின் குறிப்பாயத்துக்கு உரியது என்பதுதான் சார்பியல் தரும் புதுச் செய்தி.

ஜூன் 5

“காலநீட்சி ஒன்று போதுமே, ரயில் கடிகாரங்கள் எல்லாம் மெதுவாக ஓடுகின்றன, அதனால்தான் 0.6 வருகிறது” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரிவராது. முன்முனைக் கடிகாரமும் பின்முனைக் கடிகாரமும் ஒரே அளவு மெதுவாக ஓடுகின்றன. ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே வித்தியாசம் எங்கிருந்து வரும்?

வித்தியாசம் அவற்றை ஒத்துவைத்த முறையிலிருந்து வருகிறது. ரயிலில் இருப்பவர்கள் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒளியை அனுப்பி, அது முனைகளைத் தொடும்போது இரண்டு கடிகாரத்தையும் தொடங்கிவைக்கிறார்கள். அவர்களுக்கு அது நியாயமான முறை. பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் பின்முனை ஒளியை நோக்கி வருகிறது, முன்முனை விலகி ஓடுகிறது. ஆகவே பின்முனைக் கடிகாரம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. கடிகாரங்கள் காட்டும் நேரத்தில் அது எவ்வளவு வித்தியாசம்? ரயிலின் நீளத்தை வேகத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அந்த வித்தியாசம். 300 மீட்டருக்கும் 0.6-க்கும் போட்டுப் பாருங்கள், 0.6 மைக்ரோ நொடி.

ஒரு குறிப்பாயத்தின் நேரத்தையும் தூரத்தையும் இன்னொன்றின் கணக்குக்கு மாற்றும் சூத்திரங்களான லோரன்ட்ஸ் உருமாற்றத்தில், நேரத்துக்கான வரியில் தூரம் வந்து ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த உறுப்பு இதுதான். பாடத்தைப் படிப்பவர்கள் காமாவைப் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். முரண்பாடு என்று பேர் வாங்கிய சார்பியல் புதிர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாவி காமாவில் இல்லை, இந்த உறுப்பில்தான் இருக்கிறது. ‘ஒரே நேரம்’ என்ற பாடத்தை முதலில் நடத்திவிட்டுத்தான் காலநீட்சிக்கும் நீளக் குறுக்கத்துக்கும் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். பல பாடத்திட்டங்கள் தலைகீழாக வைக்கின்றன.

ஜூன் 5, சற்றுப் பிறகு

நம்ம ஊர் ரயிலுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டவருக்கு: மணிக்கு 108 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டர். 600 மீட்டர் ரயில் என்று வைத்துக்கொண்டால் விடை ஒரு நொடியை ஐந்து லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளியே 0.06 மில்லிமீட்டர்தான் நகரும். டிக்கெட் பரிசோதகர் கவலைப்பட வேண்டியதில்லை.

ஜூன் 7

வரலாறு பக்கம் கொஞ்சம் போகலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்.

ஐன்ஸ்டைனுக்கு முன்பே இந்த உறுப்பு காகிதத்தில் இருந்தது. 1895-இல் டச்சு இயற்பியலாளர் லோரன்ட்ஸ் ‘உள்ளூர் நேரம்’ என்ற பெயரில் அதைப் பயன்படுத்தினார்; அவருக்கு அது ஒரு கணக்கு வசதி. தூரத்தில் நடக்கும் இரண்டு நிகழ்வுகளை ஒரே நேரம் என்று சொல்ல நமக்கு நேரடியான வழி எதுவும் இல்லை என்று 1898-இலேயே எழுதியவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்கரே. பாரிஸின் தீர்க்கரேகை அலுவலகத்தில் உறுப்பினர் அவர். தந்தி வழியே நேரத்தை அனுப்பி ஊர்களின் தீர்க்கரேகையைக் கண்டுபிடிப்பது அந்த அலுவலகத்தின் அன்றாட வேலை. தந்திச் சமிக்ஞை போய்ச் சேர எடுக்கும் நேரத்தைக் கழிப்பதில் புழங்கிய மனிதருக்கு இந்தக் கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. லோரன்ட்ஸின் உள்ளூர் நேரம், ஒளிச் சமிக்ஞைகளால் ஒத்துவைத்த கடிகாரங்கள் காட்டும் நேரம்தான் என்று 1900-இல் புவான்கரேதான் விளக்கினார். ஆனால் ஒளி பரவும் ஊடகம் என்று அன்று நம்பப்பட்ட ஈதரை அவர் விடவில்லை.

1905 மே மாதம், பெர்ன் நகரில், காப்புரிமை அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த மிக்கேலே பெஸ்ஸோவிடம் ஐன்ஸ்டைன் இந்தச் சிக்கலைப் பேசினார். நேரம் என்பதும் சமிக்ஞையின் வேகமும் பிரிக்க முடியாதவை என்று அதன் பிறகே பிடிபட்டதாக 1922-இல் கியோட்டோவில் பேசியபோது நினைவுகூர்ந்தார். கட்டுரை ஜூன் 30 அன்று பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கட்டுரையில் அடிக்குறிப்பாகப் பிறர் ஆய்வுகள் எதுவும் சுட்டப்படவில்லை. கடைசியில் பெஸ்ஸோவுக்கு மட்டும் நன்றி. கட்டுரையின் முதல் பகுதியே ‘ஒரே நேரம்’ என்பதற்கான வரையறைதான். அவர் வைத்த வரிசையும் அதுவே என்பதைப் பாடத்திட்டம் வகுப்பவர்கள் கவனித்தால் எனக்குச் சந்தோஷம்.

ஜூன் 7, இரவு

“ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நேரம் இருப்பது போலத்தானே இது?” என்று ஒரு பின்னூட்டம். இல்லை, இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்திய ரயில்வே ஒரு காலத்தில் மெட்ராஸ் நேரத்தில் ஓடியது. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் நேரம் அது, கிரீன்விச்சைவிடச் சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தனித்தனி நேரம் இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேர இந்தியத் திட்ட நேரம் வந்தது. ஐன்ஸ்டைன் கட்டுரைக்கு அடுத்த வருடம் என்பது தற்செயல்.

இங்கே கடிகாரத்தின் முகத்தில் உள்ள எண்கள்தான் வேறு. மெட்ராஸ் நேரப்படி ரயில் கிளம்பியதும் பம்பாயில் மணி அடித்ததும் ஒரே நேரமா என்று கேட்டால், மெட்ராஸ்காரரும் பம்பாய்க்காரரும் 30 நிமிடத்தைக் கூட்டிக் கழித்து ஒரே பதிலுக்கு வந்துவிடுவார்கள். மின்னல் விஷயத்தில் எந்த எண்ணைக் கூட்டிக் கழித்தாலும் இருவரும் ஒரே பதிலுக்கு வர முடியாது. ஏனென்றால் வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு முனையிலிருந்து கணக்கிட்டால் ரயிலின் நடுவில் பாதி, மறுமுனையில் முழுசு.

ஜூன் 9

முதல் நாள் எழுதியதை மறுபடி படித்தேன். ‘ஒளி இரு பக்கத்திலிருந்தும் ஒரே வேகம்’ என்பதை அங்கே ஒரு வரியில் கடந்திருக்கிறேன். கூர்மையான வாசகர் ஒருவர் அங்கேயே பிடித்துக்கொண்டார்: “ஒருவழி வேகத்தை யார் அளந்தது?”

நல்ல பிடி. ஒளி இங்கிருந்து அங்கே போக எடுத்த நேரத்தை அளக்க அங்கே ஒரு கடிகாரம் வேண்டும். அதை இங்குள்ள கடிகாரத்தோடு ஒத்துவைக்க வேண்டும். ஒத்துவைக்க ஒளியின் வேகம் தெரிந்திருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம். போய்த் திரும்பும் வேகத்தை ஒரே கடிகாரத்தால் அளக்கலாம், அதில் சந்தேகமில்லை. ஒருவழி வேகம் சமம் என்பதை ஐன்ஸ்டைனே ஒரு வரையறையாகத்தான் வைத்தார். 1920-களில் தத்துவவாதி ரைக்கன்பாக் இதை விரித்தெடுத்து, போக ஆகும் நேரம், வர ஆகும் நேரம் என்று வேறு விதமாகப் பங்கிடுவதும் முரணின்றிச் சாத்தியம் என்று காட்டினார்.

அப்படியானால் எல்லாமே வெறும் ஏற்பாடா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒளியைத் தொடாமல் இன்னொரு வழி இருக்கிறது: இரண்டு கடிகாரங்களைப் பக்கத்தில் வைத்துச் சரிசெய்து, ஒன்றை மிக மிக மெதுவாக அடுத்த முனைக்குக் கொண்டுபோவது. எவ்வளவு மெதுவாகப் போகிறோமோ அவ்வளவுக்குக் காலநீட்சியின் பாதிப்பு சுருங்கி இல்லாமல் போகும். இப்படிச் செய்தாலும் ஐன்ஸ்டைனின் ஒளி முறையில் கிடைக்கும் அதே ஒத்திசைவுதான் வருகிறது. ரைக்கன்பாக் பக்கத்தவர்கள் இதிலும் ஒரு மறைவான அனுமானம் இருக்கிறது என்பார்கள். ஏற்கிறேன். ஆனாலும் இரண்டு வேறு வழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்குப் பெரிய விஷயம். அந்த ஒத்திசைவில்தான் எந்தத் திசைக்கும் தனிச் சலுகை இல்லாமல் எல்லா விதிகளும் எளிமையாக அமைகின்றன.

ஜூன் 10

ஆந்த்ரோமெடா புதிரை ஒருவர் கேட்டிருக்கிறார். இது வரும் என்று எதிர்பார்த்தேன்.

ஆந்த்ரோமெடா விண்மீன் மண்டலம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. தூரம் பெரிதானால் அந்த உறுப்பும் பெரிதாகும். வேகம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. தெருவில் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் அதை நோக்கி நடப்பவரின் ‘இப்போது’, நின்றுகொண்டிருப்பவரின் ‘இப்போது’வை விட ஆந்த்ரோமெடாவில் நாலரை நாள் பிந்தைய பொழுதில் போய் விழும். எதிர்த்திசையில் நடப்பவருக்கு நாலரை நாள் முந்தையது. தோளோடு தோள் உரசிக் கடந்துபோகும் இருவருக்கும் நடுவே ஒன்பது நாள் வித்தியாசம்!

1966-இல் இயற்பியலாளர் ரீட்டைக், 1967-இல் தத்துவவாதி புட்னம் இருவரும் இதை வைத்து எதிர்காலம் ஏற்கெனவே நிர்ணயமாகிவிட்டது என்று வாதிட்டார்கள். ஆந்த்ரோமெடா வடிவத்தைப் பரப்பியவர் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ்.

எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாக இல்லை. நின்றாலும் நடந்தாலும் ஆந்த்ரோமெடாவின் அந்த ஒன்பது நாட்களில் எதுவும் எனக்குத் தெரியப்போவதில்லை, நானும் அதை மாற்ற முடியாது. அங்கிருந்து செய்தி வர 25 லட்சம் ஆண்டு. ‘இப்போது அங்கே’ என்பது என்னை வந்து தொடும் பொருள் அல்ல. நான் என் கடிகார வரிசையைக் கற்பனையில் நீட்டி இழுத்த கோடு. வாழைக்காயை நேராகவும் நறுக்கலாம், சாய்வாகவும் நறுக்கலாம். எந்தத் துண்டில் எது வரும் என்பது கத்தியின் சாய்வைப் பொறுத்தது, காய் ஒன்றுதான். 1908-இல் கொலோன் நகரில் கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி பேசியது அந்த முழுக் காயைப் பற்றி: இடமும் நேரமும் சேர்ந்த ஒரே நாற்பரிமாண வெளி.

ஜூன் 11

சாய்வு என்றதும், “எவ்வளவு வேண்டுமானாலும் சாய்க்கலாமா? மகன் பிறந்த பிறகு அப்பா பிறந்தார் என்று யாருக்காவது வருமா?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர். வராது. கத்தியை ஒளியின் கோட்டுக்கு மேல் சாய்க்க முடியாது.

முதல் நாள் எண்களுக்கே திரும்பலாம், அதில் ஒரு அழகு இருக்கிறது. பிளாட்பாரத்தில் இரண்டு மின்னலுக்கும் நேர இடைவெளி 0. தூரம் 240 மீட்டர், ஒளி கடக்க 0.8 மைக்ரோ நொடி. நேரத்தின் வர்க்கத்திலிருந்து ஒளிப்பயண நேரத்தின் வர்க்கத்தைக் கழியுங்கள்: கழித்தல் 0.64. ரயிலில் நேர இடைவெளி 0.6; தூரம் 300 மீட்டர், ஒளி கடக்க 1 மைக்ரோ நொடி. 0.36-லிருந்து 1 போனால், அதே கழித்தல் 0.64. நேரத்திலும் ஒத்துப்போகாத, தூரத்திலும் ஒத்துப்போகாத இருவர் இந்த ஒரு எண்ணில் ஒத்துப்போகிறார்கள். ரயிலின் வேகத்தை 0.8 ஆக்கினால் இருவருக்கும் கழித்தல் 0.36 வரும், போட்டுப் பாருங்கள்.

விடை கழித்தலில் வந்தால், ஒரு நிகழ்விலிருந்து இன்னொன்றுக்கு ஒளிகூடப் போய்ச் சேர நேரமில்லை என்று பொருள். அங்கே முன்பின் வரிசை குறிப்பாயத்துக்குக் குறிப்பாயம் மாறலாம், யாருக்கும் பாதகமில்லை. விடை கூட்டலில் வந்தால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக இருக்க முடியும். அந்த வரிசை எந்தக் குறிப்பாயத்திலும் மாறாது. அப்பா, மகன் விஷயம் கூட்டல் பக்கம். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எனக்கும் படிக்கும் வயதில் அந்த நிம்மதி கிடைத்தது.

ஜூன் 12

ஓடும் ரயில் ஒரு சுரங்கப்பாதைக்குள் முழுதும் அடங்குமா என்ற புதிரைக் கேட்டவருக்கு, அதே ரயிலை வைத்தே பதில். சுரங்கத்தின் நீளம் 240 மீட்டர். பிளாட்பாரத்துக்காரர்களுக்கு ரயிலும் 240, கச்சிதமாக உள்ளே அடங்குகிறது. ரயில்காரர்களுக்கு ரயில் 300, சுரங்கம்தான் சுருங்கி 192. எப்படி அடங்கும்? அடங்காது. ரயில்காரர்களின் பதிவில் முன்முனை வெளியே எட்டிப் பார்க்கும்போது பின்பக்கம் 108 மீட்டர் இன்னும் வெளியே இருக்கிறது. அந்த 108 மீட்டரை ஒளிவேகத்தில் 0.6 பங்கில் கடக்க எவ்வளவு நேரம்? 0.6 மைக்ரோ நொடி. அதே எண்! ‘அடங்கியது’ என்ற சொல்லுக்குள் ‘ஒரே நேரத்தில் இரண்டு முனையும்’ என்பது ஒளிந்திருக்கிறது. நீளம் அளப்பது என்றாலே இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் குறிப்பதுதானே.

ஜூன் 14

இரட்டையர் புதிர். நீளமாக எழுத வேண்டியது இது.

1911-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லான்ஜெவன் விண்பயணியின் கதையாகச் சொன்னது பின்னால் இரட்டையர் கதையாயிற்று. அக்கா 0.6 வேகத்தில் 3 ஒளியாண்டு தொலைவுக்குப் போய்த் திரும்புகிறாள். பூமியில் இருக்கும் தங்கைக்கு 10 வருடம் ஆகிறது, அக்காவுக்கு 8. வழக்கமான கேள்வி: அக்காவைப் பொறுத்து தங்கையின் கடிகாரம்தான் மெதுவாக ஓடுகிறது. அப்படியிருக்க தங்கை எப்படி மூத்துப்போனாள்?

போகும் வழியில் அக்காவுக்கு 4 வருடம். அவளுடைய குறிப்பாயத்தில், திரும்பும் இடத்தை அவள் தொடும்போது பூமியில் ஆகியிருப்பது 3.2 வருடம். வரும் வழியிலும் 4, பூமியில் 3.2. கூட்டினால் 6.4 தான். மீதி 3.6 வருடம் எங்கே?

போகும் குறிப்பாயமும் வரும் குறிப்பாயமும் வேறு வேறு. திரும்பும் இடத்தில் நின்றுகொண்டு போகும் குறிப்பாயத்தின் எழுத்தர்களைக் கேட்டால் ‘பூமியில் இப்போது 3.2’ என்பார்கள். வரும் குறிப்பாயத்தின் எழுத்தர்கள் ‘6.8’ என்பார்கள். அக்கா ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு மாறிவிட்டாள். அந்த மாற்றத்தில் 3.6 வருடம் அவள் கணக்கிலிருந்து நழுவியது. காலநீட்சியை மட்டும் படித்த மாணவரால் இதை எத்தனை முறை முயன்றாலும் அவிழ்க்க முடியாது.

ஜூன் 14, இரவு

மாலை எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “அக்கா திரும்பிய கணத்தில் தங்கைக்கு மூன்றரை வருடம் திடீரென்று ஓடிவிட்டதா?” என்று கேட்கிறார். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. தங்கையின் கடிகாரம் எந்தக் குதியும் இல்லாமல் சீராகத்தான் ஓடியது. மாறியது அக்கா எந்தக் கடிகார வரிசையின் பதிவை நம்புகிறாள் என்பது. ஆந்த்ரோமெடாவை நோக்கித் திரும்பித் திரும்பி நடப்பவரின் ‘இப்போது’ அங்கே ஒன்பது நாள் முன்னும் பின்னும் ஆடுவதும் இதே விஷயம். அங்கே யாரும் எதையும் உணர்வதில்லை.

குதிப்பது பிடிக்காதவர்கள் இப்படிப் பார்க்கலாம். இருவரும் வருடா வருடம் ஒளியில் ஒரு வாழ்த்து அனுப்பிக்கொள்கிறார்கள். விலகும்போது வாழ்த்து இரண்டு வருடத்துக்கு ஒன்றாக வரும், நெருங்கும்போது வருடத்துக்கு இரண்டாக வரும். அக்கா தன் 4 வருடம் விலகியதில் 2 வாழ்த்து, 4 வருடம் நெருங்கியதில் 8 வாழ்த்து, மொத்தம் 10 பெறுகிறாள். தங்கைக்கோ, அக்கா திரும்பிய செய்தியே 8 வருடம் கழித்துத்தான் வருகிறது: முதல் 8 வருடத்தில் 4, கடைசி 2 வருடத்தில் 4, மொத்தம் 8. இதில் ‘இப்போது அங்கே’ என்ற சொல்லே வரவில்லை, விடை அதேதான்.

ஜூன் 17

“இதெல்லாம் தாளில் சரி, நிஜத்தில் யாருக்காவது தலைவலி கொடுத்ததா?” என்று கேட்ட பொறியாளர் நண்பருக்கு.

கொடுத்தது, தினமும் கொடுக்கிறது. பூமத்திய ரேகை நெடுகக் கடிகாரங்களை வைத்து, ஒவ்வொன்றையும் பக்கத்துக் கடிகாரத்தோடு ஐன்ஸ்டைன் முறையில் ஒத்துவைத்துக்கொண்டே கிழக்கே போங்கள். உலகத்தைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வந்ததும் கடைசிக் கடிகாரமும் முதல் கடிகாரமும் 207 நானோ நொடி ஒத்துப்போகாமல் நிற்கும். பூமி சுழல்வதால் பக்கத்துப் பக்கத்து இடங்கள் வெவ்வேறு குறிப்பாயங்களில் இருக்கின்றன. சின்னச் சின்ன சாய்வுகள் சேர்ந்து வட்டம் மூடாமல் போகிறது. 1913-இல் சுழலும் மேடையில் ஒளியை இரு பக்கமும் சுற்றவிட்டுப் பார்த்த சாஞாக் பெயரால் இதை அழைக்கிறார்கள். 207 நானோ நொடியில் ஒளி 62 மீட்டர் போகும். ஜி.பி.எஸ். வைத்திருப்பவருக்கு அது வீட்டு வாசலுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள வித்தியாசம்.

1985-இல் ஆலன், வைஸ், ஆஷ்பி என்ற மூவர் அமெரிக்காவின் போல்டர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக், ஜப்பானின் டோக்கியோ ஆகிய இடங்களின் கடிகாரங்களை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வழியே உலகத்தைச் சுற்றி ஒப்பிட்டு இந்த விளைவைச் சோதித்தார்கள். திருத்தத்தைச் சேர்த்தால்தான் வட்டம் மூடியது.

“அப்படியானால் பூமிக்கு எது உண்மையான ‘ஒரே நேரம்’?” என்று அவரே அடுத்துக் கேட்டிருக்கிறார். பொறியாளர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள்: பூமியின் மையத்தோடு போகும், ஆனால் சுழலாத குறிப்பாயம். ஜி.பி.எஸ். கடிகாரங்கள் அத்தனையும் அதில் ஒத்துவைக்கப்பட்டவை. சமிக்ஞை கீழே வர எடுக்கும் சுமார் 0.07 நொடியில் சென்னையில் நிற்கும் நீங்கள் பூமியோடு சேர்ந்து 30 மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்துவிடுகிறீர்கள். உங்கள் போனுக்குள் இருக்கும் ரிசீவர் அதற்கான திருத்தத்தைப் போட்டுக்கொள்கிறது. வேறு குறிப்பாயத்தில் ஒத்துவைத்திருந்தாலும் கடைசியில் நீங்கள் நிற்கும் இடம் அதேதான் வரும், கணக்கு மட்டும் இன்னும் நீண்டிருக்கும்.